படிகத்தின் உட்காந்தத்தை அளக்கும் மியுவான்

சட்டக் காந்தத்தின்மீது காகிதத்தைப் பரப்பி இரும்புத்தூளைத் தூவினால், காந்தப் புலத்தின் வடிவம் கண்ணுக்குப் புலனாகும். பள்ளிகளில் ஆண்டுதோறும் செய்து காட்டப்படும் இச்சோதனை, காந்தத்திற்கு வெளியே உள்ள புலத்தை மட்டுமே காட்டுவதாகும். சில படிகங்களில் அணுக்கள் சிறு காந்தங்களாக விளங்கியபோதிலும், அடுத்தடுத்தவை எதிரெதிர்த் திசைகளை நோக்கி நிற்பதால், ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. அத்தகைய படிகத்தில் இரும்புத்தூள் ஒட்டுவதில்லை. ஆயினும் அணுக்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய வெளியில், பூமியின் காந்தப் புலத்தினும் பலநூறு மடங்கு வலிய புலம் நிலவக்கூடும். அதனை அறிய அவ்விடத்திலேயே ஒரு காந்த ஊசியை வைத்தல் வேண்டும். அவ்வூசியாகப் பயன்படுவதே மியுவான் என்னும் துகள்.

1936-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், நெடர்மேயர் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் காஸ்மிக் கதிர்களில் இதனைக் கண்டனர். விரித்த உள்ளங்கையினூடே ஏறக்குறைய வினாடிக்கு ஒரு மியுவான் இப்பொழுதும் பாய்ந்துகொண்டிருக்கிறது. இதன் பொருண்மை எலெக்ட்ரானைப் போல் 207 மடங்கு. புரோட்டானில் ஒன்பதில் ஒரு பங்கு. சராசரி ஆயுளோ வினாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கேயாம்.

ஆராய்ச்சிக்கு வேண்டிய மியுவான்கள் முடுக்கு எந்திரங்களினின்றும் பெறப்படுகின்றன. விரைந்துவரும் புரோட்டான்கள் கிராபைட்டில் மோதும்பொழுது பையான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. இலக்கிலேயே ஓய்ந்து நின்ற பையான் சிதையும்போது வெளிப்படும் மியுவானின் தற்சுழற்சி அச்சு, அது செல்லும் திசைக்கு நேர் எதிராக அமைந்திருக்கும். துகள்களை ஒருமுகப்படுத்தப் பிற முறைகளில் கடுங்குளிரும் வன்காந்தமும் தேவைப்படலாம். இங்கோ இயற்கையே அவ்வேலையைச் செய்து தந்துவிடுகிறது.

நேர்மின்னேற்றம் கொண்ட மியுவான், படிகத்தினுள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் ஓய்ந்து, அணுக்களின் இடையே தங்குகிறது. அவ்விடத்துக் காந்தப் புலத்தைச் சுற்றி அதன் அச்சு, சாய்ந்த பம்பரம்போல் வட்டமிடுகிறது. பின்னர் மியுவான் சிதையும்போது, அதன் அச்சு அக்கணத்தில் நோக்கியிருந்த திசையிலேயே பெரும்பாலும் பாசிட்ரான் வெளியேறுகிறது. சுற்றிலும் வைக்கப்பட்ட எண்ணிகளில் பாசிட்ரான்களின் தொகை, கலங்கரை விளக்கின் ஒளி வந்து வந்து மறைவதுபோல் ஏறியிறங்கும். அவ்வேகமே புலத்தின் அளவு. 1957-இல் கார்வின், லெடர்மன், வைன்ரிச் ஆகியோர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சைக்ளோட்ரானில் இவ்விளைவைக் கண்டனர். அணுக்களின் இடைவெளியிலுள்ள காந்தத்தை ஆராய இது கருவியாகக்கூடும் என்பதையும் அப்பொழுதே குறிப்பிட்டனர்.

புலம் 1 காஸ் ஆயின், அச்சு வினாடிக்கு ஏறக்குறைய 13,550 முறை சுற்றும். பூமியின் புலம் சுமார் அரை காஸ். அதில் ஒரு சுற்று முடியுமுன்னரே மியுவான் மாய்ந்துவிடும். லாந்தனம் தாமிர ஆக்ஸைடில் நிலைமை வேறு. 1986-இல் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் ஸ்விட்ஸர்லாந்தில் கண்டுபிடித்த புதுவகை மீகடத்திக்கு மூலப்பொருள் இதுவே. இதில் லாந்தனத்தின் ஒரு பகுதியை நீக்கிப் பேரியத்தைப் புகுத்தினால், குளிர்நிலையில் மின்தடை அறவே நீங்குகிறது. புகுத்தாத தூய பொருளின் இயல்பு யாது என்பதே அப்போது எழுந்த வினா. 1987-இல் அதனுள் மியுவான்களைச் செலுத்தியபொழுது, குளிர்நிலையில் அவை வினாடிக்கு 50 லட்சம் முறைக்கு மேல் சுற்றுவது காணப்பட்டது. அதாவது உள்ளே சுமார் 400 காஸ் புலம். வெளியே காந்தமாகத் தோன்றாத அப்பொருளில் தாமிர அணுக்கள் எதிரெதிராக அணிவகுத்து நிற்பது இவ்வாறு தெளிவாயிற்று. நியூட்ரான் சோதனைகளும் அவ்வாண்டிலேயே இதனை உறுதிசெய்தன. மின்தடையற்ற நிலைக்கும் காந்த வரிசைக்கும் உள்ள உறவைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை.

படிகத்தின் ஒரு பகுதி மட்டுமே காந்தமாயின், அங்கே தங்கிய மியுவான்கள் மட்டுமே அவ்வேகத்தில் சுற்றும். ஆதலின் புலத்தின் வலிமையைச் சுற்றின் வேகத்தினின்றும், காந்தப் பகுதியின் அளவை ஏற்றத்தாழ்வின் உயரத்தினின்றும் தனித்தனியே அறியலாம். மொத்தக் காந்தத்தை மட்டும் அளக்கும் சாதாரண முறைகளில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

குறையும் உண்டு. மியுவான் படிகத்தில் எங்கே தங்கிற்று என்பதை நேரில் காண இயலாது. ஆக்ஸைடுகளில் அது பெரும்பாலும் ஆக்ஸிஜன் அணுவினின்றும் சுமார் ஒரு ஆங்ஸ்ட்ராம் தொலைவில் தங்குகிறது. தன் மின்னேற்றத்தால் அண்டை அணுக்களைச் சற்றே இடம்பெயர்க்கவும் செய்கிறது. எனவே அளந்த புலத்தினின்றும் அணுவின் காந்த வலிமையைக் கணிக்குமுன், மியுவானின் இருப்பிடத்தைக் கணக்கிட்டாக வேண்டும்.