பட்டாசு விபத்து மேப்: எல்லாரும் படிக்கிற மாதிரி செய்வது எப்படி?

திருத்தங்கல், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலை விபத்து என்றால் அன்றைக்கு பிரேக்கிங் நியூஸ். நாலு நாளில் அடுத்த செய்தி வந்துவிடும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையம், 2024 மே 9 செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு துயரச் செய்தி. ஒரே மேப்பில் வைத்தால்தான் 'ஏன் திரும்பத் திரும்ப?' என்ற கேள்வி வரும்.

கோடிங் தெரியாமலே அப்படி ஒரு இன்டராக்டிவ் மேப் செய்யலாம். ஆனா, அதை யாரெல்லாம் படிக்க முடியும் என்பதுதான் முக்கியம்.

முதலில் டேபிள்

கூகுள் ஷீட்டில் ஒரு விபத்துக்கு ஒரு வரிசை. தேதி, ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, இறந்தவர்கள், தகவல் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி நிலவரம் என்று தனித்தனி காலம் போடுங்க. கடைசி இரண்டை விட்டுடாதீங்க. சிகிச்சையில் இருப்பவர்கள் இறக்கும்போது எண்ணிக்கை கூடும். முதலிப்பட்டி விபத்துக்கே 38 என்றும் 40 என்றும் இரண்டு கணக்கு செய்திகளில் இருக்கிறது.

எந்த டூல்?

பெர்லினைச் சேர்ந்த டேட்டாராப்பர், 2022-ல் கேன்வா வாங்கிய ஃப்ளரிஷ். இரண்டிலும் இலவசமாகவே தொடங்கலாம். டேபிளை பேஸ்ட் செய்து, மேப் வகையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு வட்டம் வரும்.

வட்டத்தின் அளவில் கவனம் தேவை. 10 பேர் இறந்த விபத்தைவிட 40 பேர் இறந்த விபத்தின் வட்டம் பரப்பளவில் 4 மடங்கு இருக்க வேண்டும். விட்டத்தை 4 மடங்கு ஆக்கினால் பரப்பளவு 16 மடங்காகிவிடும். பார்ப்பவருக்குத் தப்பான கணக்கு போய்ச் சேரும்.

போனில் மவுஸ் கிடையாது

லேப்டாப்பில் வட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் விவரம் தெரியும். போனில் தொட வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதால் வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும், விரலுக்குச் சிக்காது. அதனால் முக்கியமான தகவலை ஒளித்து வைக்காதீங்க. ஊர், ஆண்டு, எண்ணிக்கை தொடாமலே தெரியணும். தொட்டால் கூடுதல் விவரம் வரட்டும்.

கலரை மட்டும் நம்பாதீங்க

ஆபத்துக்குச் சிவப்பு, பாதுகாப்புக்குப் பச்சை என்று போடத் தோன்றும். நிறக்குறைபாடு உள்ள பலருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. கலரோடு எழுத்தும் சேருங்க. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேண்டும் என்கிறது சர்வதேச இணைய அணுகல் விதிமுறை. வெயிலில் போன் பார்ப்பவருக்கும் இது உதவும்.

பார்வை இல்லாதவருக்கு?

வெடிவிபத்தில் பார்வையை இழப்பவர்களும் உண்டு. அவர்களுக்கே புரியாத விபத்து மேப் யாருக்காக? ஆண்ட்ராய்டில் உள்ள டாக்பேக் போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் எழுத்தை வாசிக்கும். வட்டத்தைப் பார்த்துச் சரியான அர்த்தம் சொல்லும் என்று நம்ப முடியாது. அதற்குத்தான் ஆல்ட் டெக்ஸ்ட். டேட்டாராப்பரில் இதற்குத் தனிப் பெட்டியே இருக்கிறது.

'விருதுநகர் மாவட்ட மேப்' என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்: 'விருதுநகர் மாவட்டத்தில் 2012 முதல் 2025 வரை நடந்த 5 பட்டாசு ஆலை விபத்துகள். இவற்றில் அதிக உயிரிழப்பு 2012-ல் முதலிப்பட்டியில்.' மேப்புக்குக் கீழே முழு டேபிளையும் எழுத்தாகவே கொடுங்க. அதை ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டால் பயனில்லை.

வெளியிடும் முன் 3 டெஸ்ட்

1. போன் திரையைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றிப் பாருங்க.
2. டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக் கேளுங்க.
3. விலை குறைந்த போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்க.

மூன்றிலும் 'எங்கே, எப்போது, எத்தனை பேர்' என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பப்ளிஷ் செய்யலாம்.