வெயிலோடு மல்லுக்கட்டும் லைட் எதற்கு? வீடியோ எல்.இ.டி: சந்தேகங்களும் விளக்கங்களும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி கேமராவை எடுக்காதவர்கள் குறைவு. யூடியூப் பேட்டி, கல்யாண ஜோடியின் அவுட்டோர், கல்லூரி மாணவர்களின் ஆவணப்படம் என்று ஏதோ ஒன்று. பின்னால் உப்புக் குவியல் பளீரென்று விழும். முன்னால் நிற்பவரின் முகம் கறுத்துப்போகும். ‘கீ லைட்’ இல்லாததுதான் குறை என்று முடிவுகட்டி, கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய எல்.இ.டி.யைக் கேட்கிறார்கள். முகத்துக்கு முதன்மையாக விழும் வெளிச்சம்தான் கீ லைட். அதற்குப் பணம் கொடுக்குமுன் தெளிய வேண்டிய சந்தேகங்கள் இவை.

உப்பளத்தில் பகலில் பேட்டி எடுக்க எத்தனை வாட் லைட் வாங்கலாம்?

எத்தனை வாட் வாங்கினாலும் பத்தாது. உச்சி வெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். ஒரு லைட்டின் பெட்டியில் ‘1 மீட்டரில் 20,000 லக்ஸ்’ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். 2 மீட்டரில் 5,000 லக்ஸ், 3 மீட்டரில் 2,200 சொச்சம். அதுவும் வெள்ளி நிற ரிஃப்ளெக்டர் மாட்டி அளந்த கணக்கு. வெளிச்சத்தைப் பரப்பும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸை மாட்டினால் அதிலும் கால்வாசி தேறினால் பெரிது. ‘500 வாட்டுக்குச் சமம்’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை நம்ப வேண்டாம். வாட் என்பது அது தின்னும் மின்சாரம், தரும் வெளிச்சமல்ல. எத்தனை மீட்டரில், எதை மாட்டி, எவ்வளவு லக்ஸ் என்று மூன்றும் சேர்ந்து எழுதியிருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

பெரிய சினிமா யூனிட் வந்தால் ஹெச்.எம்.ஐ. என்னும் ராட்சத லைட்டோடு ஜெனரேட்டர் வண்டியும் வரும். அவர்களும் நெருக்கத்தில் முகம் எடுக்கும்போது கையில் எடுப்பது தெர்மாகோல் பலகையையும், வெயிலை வடிகட்ட வெள்ளைத் துணி கட்டிய சட்டத்தையும்தான். உப்பளத்தில் பாதி வேலையைத் தரையே செய்துவிடுகிறது. ஆளின் முதுகைச் சூரியனுக்குக் காட்டி, முகத்தை உப்புக் குவியலின் பக்கம் திருப்புங்கள். குவியல் திருப்பியனுப்பும் வெளிச்சம் எந்த சாஃப்ட்பாக்ஸுக்கும் இளைத்ததல்ல.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைத் தரையிலிருந்து வெளிச்சம் கீழிருந்து மேலே அடிப்பதால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும் வெளிச்சம் ஏறி, முகம் பேய்ப்படத்துக்குத் தயாரானதுபோல் ஆகிவிடும். கேமராவில் தெரியாதபடி ஆளின் காலடியில் ஒரு கறுப்புப் போர்வையை விரித்தால் சரியாகிவிடும். லைட் வாங்க வைத்திருந்த பணத்தில் இதற்கு நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

ஸ்டாண்டைப் பாத்திக்குள் ஊன்றாதீர்கள். பருவத் தொடக்கத்தில் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை அது. கூர்மையான காலை ஊன்றி ஓட்டை போட்டால் உப்புநீர் உள்ளே இறங்கும். வரப்பில் நிறுத்துங்கள், அதுவும் அளத்துக்காரரிடம் கேட்டுவிட்டு.

அப்படியானால் லைட்டே தேவையில்லையா?

தேவை, ஆனால் நண்பகலுக்கு அல்ல. உப்பளத்து வேலை வெயில் ஏறுமுன்பே தொடங்கிவிடும். கிழக்கு வெளுக்கத் தொடங்கும் அந்த நேரத்தில் வானம் நீலம் பாரித்திருக்கும். 60 வாட் லைட் ஒன்று அப்போது ராஜா. பகல் நிறமான 5600 கெல்வினில் வைத்து, கிழக்குப் பக்கமிருந்தே அடியுங்கள். நீலப் பின்னணிக்கு முன்னால் முகம் மட்டும் லேசான மஞ்சளில் தெரியும். பார்ப்பவர்கள் சூரியன் எட்டிப்பார்க்கிறது என்றே நினைப்பார்கள்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 1/50, லென்ஸ் திறப்பு எஃப் 4 என்றால் முகத்தில் 250 லக்ஸ் விழுந்தால் போதும். சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய 60 வாட் லைட் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்தே இதைத் தந்துவிடும். பேட்டி, சமையல் வீடியோ, வீட்டு விசேஷம் எடுப்பவர்களுக்கு 60 முதல் 150 வாட் வரை போதும். மண்டபம் முழுக்க வெளிச்சம் பரப்ப வேண்டியவர்கள் பெரியதை சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

‘சி.ஆர்.ஐ. 95’ என்று போட்டிருக்கிறது. அது போதுமா?

இந்த ஒரு கேள்விக்காகவே கடையில் அரை மணி நேரம் நிற்கலாம். சன்கன் என்று 1000 வாட் ஹாலஜனைத் தூக்கிக்கொண்டு மணமேடையைச் சுற்றிவந்த பழைய வீடியோக்காரர்கள், ‘எல்.இ.டி.யில் முகம் செத்துப்போகிறது’ என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹாலஜன் சூட்டில் மணமகளின் மேக்கப் உருகினாலும், நிறத்தைக் காட்டுவதில் அது நூற்றுக்கு நூறை ஒட்டி நின்றது. வெள்ளை எல்.இ.டி.யின் கதை வேறு. உள்ளே இருப்பது நீல எல்.இ.டி. (அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது). அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்குகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான பூச்சில் அடர்சிவப்பு மெலிந்துவிடும். நம் ஊர்த் தோலின் உயிரே அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. அது போனால் மாநிறம் சாம்பல் பூத்துவிடும்.

சி.ஆர்.ஐ. என்பது எட்டு வெளிர் நிறங்களை லைட் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் சராசரி. அடர்சிவப்பு அந்தக் கணக்கில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனி மதிப்பு உண்டு. சி.ஆர்.ஐ. 80 உள்ள சாதாரண வீட்டு பல்பில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக் கிடப்பது சகஜம். ஆகவே ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். 90க்கு மேல் இருந்தால் நல்லது. சி.ஆர்.ஐ. மனிதக் கண்ணுக்காக வகுத்தது. கேமராவின் கண்ணுக்கென்று ஐரோப்பிய ஒலிபரப்பாளர் கூட்டமைப்பு 2012இல் கொண்டுவந்த அளவு டி.எல்.சி.ஐ. அதில் 85க்கு மேல் என்றால் எடிட்டிங்கில் நிறம் திருத்தும் வேலை அநேகமாக இருக்காது.

எண்களை நம்ப மனமில்லையா? ஒரு குங்குமச் சிமிழையும் காய்ந்த மிளகாயையும் கொண்டுபோங்கள். கேமராவின் ஒயிட் பேலன்ஸை 5600இல் பூட்டி, கடை வாசலின் பகல் நிழலில் அவற்றையும் உங்கள் உள்ளங்கையையும் சேர்த்து எடுங்கள். பிறகு உள்ளே, அந்த லைட்டின் கீழ் மறுபடி எடுங்கள். மிளகாய் செங்கல் நிறத்துக்கு இறங்கினாலோ, உள்ளங்கையில் பச்சை படர்ந்தாலோ அந்த லைட்டை வைத்துவிட்டு வாருங்கள். வெளிச்சத்தை 10 சதவீதத்துக்குக் குறைத்தும் ஒரு முறை பாருங்கள். குறைக்கும்போது நிறம் நழுவும் லைட்டுகள் உண்டு.

ஒரே நிறமா, இரண்டு நிறமா, கலர் கலராக மாறுவதா?

கலர் கலராக மாறும் ஆர்.ஜி.பி. கீ லைட்டுக்கு அவசியமில்லை. பகல் நிறம் மட்டும் தரும் லைட், அதே வாட்டில் இரண்டு நிறம் தரும் பை-கலரைவிடக் கூடுதல் வெளிச்சம் தரும். ஆனால் வீடு வீடாகப் போய் எடுப்பவருக்கு 3200 முதல் 5600 வரை மாற்றக்கூடிய பை-கலர் கைகொடுக்கும். மஞ்சள் பல்போடு ஏறக்குறைய ஒத்துப்போகும்.

நம் வீடுகளில் உண்மையான எதிரி 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட். அதை எந்த லைட்டோடும் ஒப்பேற்றப் பார்க்காமல் அணைத்துவிடுவதே சுலபம். அடுத்தது சுவர். கிளிப்பச்சையோ ரோஸோ அடித்த சுவரில் லைட்டைத் திருப்பி அடித்தால் அந்த நிறம் அப்படியே முகத்தில் வந்து உட்காரும். ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் தொங்கவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கூரையில் அடித்துப் பரப்பலாம் என்றால் நடுவில் ஓடும் ஃபேனைப் பாருங்கள். இறக்கை வெட்ட வெட்ட முகம் படபடக்கும். ஃபேனை நிறுத்தினால் பேசுபவருக்கு வியர்க்கும். ஆகவே லைட்டை ஃபேனுக்குக் கீழே, பக்கவாட்டிலேயே வையுங்கள்.

வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறதே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மட்டமான விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் அடங்கும். மொபைலில் 1/60 இருந்தால் மாற்றுங்கள். நல்ல வீடியோ லைட்டில் இது வரக்கூடாது. சந்தேகமிருந்தால் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, ஷட்டரை 1/2000க்கு ஏற்றிப் பாருங்கள். கோடு தெரிந்தால் ஸ்லோமோஷனுக்கு அது உதவாது.

பேனல் லைட்டா, சாஃப்ட்பாக்ஸ் மாட்டும் லைட்டா?

வெளிச்சத்தின் மென்மை லைட்டின் விலையில் இல்லை; அது வரும் பரப்பின் அகலத்திலும், ஆளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் முகத்தில் நிழல் இதமாக இறங்கும். அதையே 4 மீட்டர் தள்ளினால் விளிம்பு வெட்டும். சிறு பேனல் பையில் அடங்கும், ஆனால் மூக்கின் நிழலைக் கன்னத்தில் கோடாகக் கிழிக்கும். நான் சாஃப்ட்பாக்ஸ் மாட்டும் சி.ஓ.பி. லைட்டைத்தான் சொல்வேன். கோடாக்ஸ், அப்யூச்சர், நான்லைட் என்று எதை வாங்கினாலும் முன்பக்கம் ‘போவன்ஸ் மவுன்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிரிட்டிஷ் கம்பெனி 2017இல் மூடப்பட்டுவிட்டது. அதன் மவுன்ட் மட்டும் ஊரெங்கும் பொதுவாகிவிட்டது. நாளை லைட்டை மாற்றினாலும் சாஃப்ட்பாக்ஸ் வீணாகாது.

பேட்டி எடுப்பவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். லைட்டை முழு வெளிச்சத்தில் கால் மணி நேரம் எரியவிட்டு, பக்கத்தில் மைக் வைத்துப் பதிவுசெய்து கேளுங்கள். உள்ளிருக்கும் ஃபேன் சூடேறிய பிறகுதான் சத்தம் போடும்.

கரண்ட் இல்லாத இடத்தில்?

வி-மவுன்ட் பேட்டரி ஒன்று 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 98 வாட்-மணி. 60 வாட் லைட்டுக்குக் கணக்குப்படி ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பாதுகாப்புக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றே வையுங்கள். 150 வாட் லைட் அதே பேட்டரியை 40 நிமிடத்துக்குள் குடித்துவிடும். அவ்வளவு மின்னோட்டம் தர அந்த பேட்டரிக்குத் திராணி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில லைட்டுகளுக்கு பேட்டரி இணைப்பே கிடையாது, சுவர் பிளக் மட்டும்தான். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்ததை நினைவில் வைத்திருக்கும் இந்த மரக்காணம் பகுதியில், கரண்ட் போனால் கைவிடும் பிளக்கை மட்டும் நம்பி லைட் வாங்க நான் சொல்லமாட்டேன்.

உப்புக் காற்று லைட்டைக் கெடுக்குமா? ஐ.பி. 65 வாங்கினால் தப்பிக்கலாமா?

கெடுக்கும். சூட்டை வெளியேற்றும் ஃபேன் உப்பு ஈரக் காற்றை உள்ளே இழுத்து, சர்க்யூட் பலகை மீதும் அலுமினியத் தகடுகள் மீதும் படியவிடும். ஐ.பி. 65இல் 6 என்பது தூசிக்கு, 5 என்பது பீய்ச்சும் தண்ணீருக்கு. உப்பு அரிப்பை அந்த எண் அளப்பதே இல்லை. மழைக்கு அது நல்ல துணை, உப்புக்கு உத்தரவாதம் அல்ல.

வேலை முடிந்ததும் லேசாக ஈரமாக்கிய துணியால் உடம்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். சூடு ஆறிய பிறகே பெட்டியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சாஃப்ட்பாக்ஸ் துணியை ஈரத்தோடு மடிக்காதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரமாகி ஸ்டாண்டைச் சாய்த்துவிடும். பாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பு மூட்டையையே தூக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். உப்பு ஈரத்தை இழுத்து ஸ்டாண்டின் காலை அரிக்கும். மணல் மூட்டையே மேல்.

இரவில் கடற்கரையிலும் மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஈரநிலத்திலும் லைட் போட்டு எடுக்கலாமா?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கடற்கரைப் பகுதியில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். குஞ்சுகள் பொரித்ததும் வெளிச்சம் தெரியும் திசையில்தான் நகரும். நீங்கள் அடிக்கும் லைட் கடலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் அவை கரையேறி நாய்க்கும் நண்டுக்கும் இரையாகும். அந்த மாதங்களில் இரவுக் கடற்கரை ஷூட்டையே தவிருங்கள். கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். பகலுக்கும் இது பொருந்தும்.

பழைய லைட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். பின்பக்க இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், அது கடற்கரையில் புழங்கி வந்த சரக்கு, விட்டுவிடுங்கள். ஃபேன் சுற்றும்போது கரகரப்பு கேட்கக்கூடாது. நடுவிலிருக்கும் மஞ்சள் சில்லில் கறுத்த புள்ளி இருக்கக்கூடாது. அடாப்டரும் ஒரிஜினலாக இருந்து, மிளகாய்ச் சோதனையிலும் தேறினால், பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.