கடன் வாங்கிய கைக்குழந்தை

அமெரிக்காவில் குழந்தை பிறந்ததும், பிறப்பைப் பதிவுசெய்யும் படிவத்தோடு ஆஸ்பத்திரியிலேயே இன்னொரு கேள்வியும் வரும்: சமூகப் பாதுகாப்பு எண் வேண்டுமா? பெற்றோர் சம்மதித்தால் சில வாரங்களில் ஒன்பது இலக்க எண்ணோடு ஓர் அட்டை தபாலில் வந்துவிடும். அதைப் பீரோவில் பத்திரப்படுத்துவார்கள். வருமான வரிப் படிவத்தில் குழந்தையைக் காட்டுவதற்கு எடுப்பார்கள். கடன், கிரெடிட் கார்டு என்று அந்த எண்ணுக்கு வேலை வருவதற்குப் பதினெட்டு வருடமாகும். அதுவரை அதன் பெயரில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. திருடனுக்கு வேண்டியதும் அதுதான்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சைலேப் மையம் 2011இல் வெளியிட்ட அறிக்கையில், 40,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் எண்களைச் சோதித்ததில் 10.2 சதவீத எண்களை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தது தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஐந்து மாதக் குழந்தையும் உண்டு. அடையாளப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் தரவை வைத்துச் செய்த ஆய்வு அது. அதனால் நாடு முழுக்கப் பத்தில் ஒரு குழந்தை என்று கணக்குப் போட முடியாது. ஆனாலும் இது சில்லறைத் திருட்டு அல்ல என்பது விளங்கும்.

திருடர்கள் குழந்தையின் பெயரை எடுப்பதில்லை, எண்ணை மட்டும் எடுக்கிறார்கள். அதோடு ஒரு கற்பனைப் பெயர், முப்பது வயதைக் காட்டும் பிறந்த தேதி, ஏதோ ஒரு முகவரி சேர்த்து கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள். வங்கி, ஈக்விஃபாக்ஸ் போன்ற கடன் தகவல் நிறுவனத்திடம் விசாரிக்கிறது. அப்படி ஒருவரைப் பற்றி அங்கே தகவலே இல்லை, விண்ணப்பம் தள்ளுபடி. ஆனால் விசாரணை வந்ததை வைத்தே அங்கே புதிதாக ஒரு கோப்பு உருவாகிவிடும். அடுத்த வங்கி கேட்கும்போது அந்த ஆள் ‘இருக்கிறார்’! சின்னதாக ஒரு கார்டு, ஒழுங்கான தவணை என்று மெல்லக் கடன் மதிப்பெண்ணை ஏற்றுகிறார்கள். பிறகு ஒரு நாள் எல்லாக் கார்டுகளையும் உச்சவரம்பு வரை உருவிவிட்டு மறைந்துவிடுகிறார்கள். பிடிக்கப் போனால் அப்படி ஒரு மனிதரே கிடையாது. எண்ணுக்குச் சொந்தக்காரி இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருப்பாள்.

எண் எப்படிக் கிடைக்கிறது? பள்ளி, மருத்துவமனைக் கணினிகளிலிருந்து களவுபோகும் தரவு ஒரு வழி. இன்னொன்று, ஊகம். முன்பெல்லாம் முதல் மூன்று இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். வெர்மான்ட் என்றால் 008 அல்லது 009. அடுத்த ஆறு இலக்கங்களும் ஓர் ஒழுங்கில் வரும். பிறந்தவுடன் எண் வழங்கும் முறை வந்த பிறகு, பிறந்த தேதியும் ஊரும் தெரிந்தாலே எண்ணை நெருங்கிவிடலாம் என்றானது. அலெசாண்ட்ரோ அக்விஸ்டி, ரால்ஃப் கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் இதை நிரூபித்தார்கள். இறந்தவர்களின் எண்கள் அடங்கிய அரசுப் பட்டியலை வைத்துக் கணித்ததில், 1988க்குப் பின் பிறந்தவர்களில் 44 சதவீதத்தினரின் முதல் ஐந்து இலக்கங்கள் ஒரே முயற்சியில் சரியாக வந்தன.

2011 ஜூனிலிருந்து எண்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் குலுக்கல் முறையில் தருகிறார்கள். ஊகிக்கும் வழி அடைபட்டது. ஆனால் பழைய முறையில், ஓர் எண் எந்தக் காலத்தில் வழங்கப்பட்டது என்று பார்த்து, ‘முப்பது வயதுக்காரருக்கு நேற்று வழங்கிய எண் எப்படி?’ என்று வங்கி சந்தேகப்பட முடிந்தது. குலுக்கல் அந்தத் தடயத்தையும் அழித்துவிட்டது. அதன் பிறகு பிறந்த குழந்தைகளின் எண்ணைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. 2020இல்தான் பெயர், எண், பிறந்த தேதி மூன்றும் பொருந்துகின்றனவா என்று, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, வங்கிகள் அரசிடம் மின்னணு முறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சேவை வந்தது.

இதில் மனதைச் சங்கடப்படுத்துவது, திருடுபவர் பல நேரம் வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான். கடனில் மூழ்கிய தந்தை மகனின் எண்ணில் மின் இணைப்பு வாங்குவதும் அடையாளத் திருட்டே. பெற்றோரைப் பிரிந்து அரசு ஏற்பாட்டில் வேறு குடும்பங்களில் வளரும் குழந்தைகளின் எண் பல கைகள் மாறும்; அவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு 14 வயதிலிருந்து ஆண்டுதோறும் கடன் அறிக்கையை இலவசமாக எடுத்துத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மற்றக் குழந்தைகளுக்கு உருப்படியான காப்பு ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டவரின் கடன் கோப்பைப் பெற்றோர் இலவசமாக முடக்கிவைக்கலாம். கோப்பே இல்லாவிட்டாலும் ஒன்றை உருவாக்கிப் பூட்டிவிடுவார்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களுக்கும் பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணங்களின் நகலைத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். அலைச்சல்தான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். அடுத்த வீடியோ அழைப்பில் இதை விசாரியுங்கள். குழந்தை பெயருக்குக் கிரெடிட் கார்டு விளம்பரமோ வரித்துறைக் கடிதமோ வந்தால் குப்பையில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே இருக்கும் பிள்ளைகளின் ஆதார் எண் முதலிலிருந்தே குலுக்கல் எண்தான், ஊகிக்க முடியாது. ஆனால் ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த நகலுக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறப்புச் சான்றிதழுக்கும் எந்தக் கணிதமும் காவல் நிற்காது. முழு எண் தேவைப்படாத இடங்களில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.