உங்களுக்குத் தெரியுமா? வயிறு குறைக்கும் ‘டம்மி டக்’

● “பிள்ளை பெத்து ரெண்டு வருசமாச்சு, இன்னும் ‘எத்தனை மாசம்’னு கேக்காவ.” நெல்லைப் பக்கம் பல தாய்மார்களின் மனக்குறை இது. அந்த வயிறு முழுவதும் கொழுப்பு அல்ல. கர்ப்பகாலத்தில் வயிற்றின் நடுவே உள்ள இரண்டு தசைப்பட்டைகளும் விலகுகின்றன. பிரசவத்துக்குப் பிறகு சுமார் எட்டு வாரத்தில் பெரும்பாலும் நெருங்கிவிடும், சிலருக்கு நெருங்காது. மல்லாந்து படுத்து, தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களை அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தட்டுப்பட்டால் முதலில் போகவேண்டியது பிசியோதெரபிஸ்டிடம். பாட்டிமார் பழைய வேட்டியால் வயிற்றைக் கட்டிவிட்டது நல்ல தாங்கல்தான்; ஆனால் தசையைச் சேர்க்க அது மட்டும் போதாது.

● ‘டம்மி டக்’ ஆபரேஷனால் எடை குறையாது! தொங்கும் தோலை வெட்டி, விலகிய தசையை இழுத்துத் தைப்பார்கள், அவ்வளவுதான். எடையைக் குறைத்து, ஆறு மாதமாவது அப்படியே நிலைத்தவர்களுக்குத்தான் பலன் நிற்கும். இரைப்பையைச் சுருக்கும் ‘பேரியாட்ரிக்’ சிகிச்சை வேறு. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் அந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்த செய்தியைப் படித்திருப்பீர்கள்.

● தழும்பு மறையுமா? முழுதாக மறையாது. இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நீளும். மங்க ஓராண்டுக்கு மேல் ஆகும். நம் நிறத்தவருக்குத் தழும்பு தடிக்கவும் கறுக்கவும் வாய்ப்பு கூடுதல். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்தப் பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டப்படும் தோலோடு போய்விடும்.

● தழும்பைவிடப் பயப்படவேண்டியது கால் ரத்தக்குழாயில் உறையும் ரத்தக்கட்டிக்கு. நுரையீரலுக்கு ஏறினால் உயிரையே பறிக்கும். அதனால்தான் மறுநாளே, முடிந்தால் அன்றைக்கே, குனிந்தபடியாவது நடக்கவைக்கிறார்கள். சென்னையில் செய்துகொண்டு உடனே ஊருக்கு ரயிலேறுவது ஆபத்து. வந்தே பாரத்தில்கூட ஏறக்குறைய எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வரவேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

● பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நான்கு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் தையல் ஓரத்துத் தோல் ரத்தமில்லாமல் கருகிப்போகலாம்.

● பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோ. ஆறு வாரம் இடுப்பில் ஏற்றக்கூடாது. புண் முழுதாக ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தாமிரபரணிக் குளியலும் குற்றால அருவியும் வேண்டாம்.

● ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பமாகலாம். குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வயிறு மறுபடி தளரும். இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள்.

● அழகுக்காகச் செய்துகொண்டால் மருத்துவக் காப்பீடு கிடைக்காது.

● பயிற்சிப் பட்டறையில் கலந்துகொண்டதோ யூடியூப் பார்த்ததோ அழகு அறுவை சிகிச்சை செய்யத் தகுதி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. விளம்பரத் தள்ளுபடியை நம்பி முன்பணம் கட்டுமுன் மூன்றே கேள்வி கேளுங்கள்: கத்தி பிடிப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவரா? மயக்க மருந்து நிபுணர் கடைசிவரை உடனிருப்பாரா? அதே கட்டடத்தில் ஐ.சி.யூ. உண்டா? ஒன்றுக்குப் பதில் மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.