வெளியீட்டு விழா முடிந்த பிறகு ஒரு புத்தகத்துக்கு என்ன நடக்கிறது?

யாழ்ப்பாணத்திலோ, வெள்ளவத்தையிலோ, மட்டக்களப்பிலோ ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனவர்களுக்கு நிகழ்ச்சி நிரல் மனப்பாடமாகத் தெரியும். மங்கள விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை. பிறகு முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள். சபையில் இருப்பவர்கள் வரிசையில் சென்று கடித உறையைக் கொடுத்துப் பிரதியைப் பெறுவார்கள். நயவுரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரையோடு விழா முடியும்.

இந்த நிரலில் ஒருவருக்கு மட்டும் இடமில்லை. அவர் வாசகர். காரணம் எளிது. அன்றுதான் புத்தகம் கைக்கு வருகிறது. அதை வாசித்தவர்கள் மேடையில் இருக்கும் இரண்டு, மூன்று பேர் மட்டுமே. அவர்களும் பெரும்பாலும் நூலாசிரியரின் நண்பர்கள், ஆசிரியர்கள் அல்லது உறவினர்கள். விழா மேடையில் குறை சொல்வது நாகரிகமல்ல என்பது எழுதப்படாத விதி. எனவே ஒரு புத்தகத்தைப் பற்றிப் பொதுவெளியில் சொல்லப்படும் முதல் வார்த்தை பாராட்டாக இருக்கிறது. பல நூல்களுக்கு அதுவே கடைசி வார்த்தையாகவும் ஆகிவிடுகிறது.

ஈழத்துத் தமிழ் நூல்களின் பொருளாதாரத்தைப் பார்த்தால் இதன் பாரதூரம் விளங்கும். இங்கே பெரும்பாலான எழுத்தாளர்கள் தமது சொந்தப் பணத்தில்தான் நூலை அச்சிடுகிறார்கள். சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகும். விழாவில் ஒரு பகுதி போகும். நூலகங்களுக்கும் நண்பர்களுக்கும் இன்னொரு பகுதி. மீதி வீட்டு அலுமாரியில் கட்டுக் கட்டாக இருக்கும். விளம்பரத்துக்குப் பணமில்லை, விநியோகத்துக்கு ஆளில்லை. 2022 மார்ச் மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாடு இது. அந்த நெருக்கடிக்குப் பிறகு அச்சுச் செலவு எங்கே போய் நின்றது என்பதைப் புத்தகக் கடையில் விலையைப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

இந்த நிலையில் அலுமாரியில் இருக்கும் புத்தகத்தை வெளியே கொண்டுவரக்கூடிய ஒரே சக்தி, "இதை வாசித்தேன், நீயும் வாசித்துப் பார்" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுதான்.

இது நமக்குப் புதிய பழக்கமல்ல. கிராமத்துச் சனசமூக நிலையங்களில் பத்திரிகை வாசித்த கையோடு கதையைப் பற்றியும் வாதம் நடந்த காலம் ஒன்று இருந்தது. 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, பிரதிகளைக் கையிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார். வாங்குபவரிடம் நேரடியாகவே கருத்தைக் கேட்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அந்த இதழின் 'தூண்டில்' பகுதி, வாசகர் கேட்கவும் ஆசிரியர் பதில் சொல்லவும் இடமளித்தது. 1988இல் ஜேர்மனியில் புலம்பெயர்ந்தவர்கள் தொடங்கிய 'இலக்கியச் சந்திப்பு' நூல்களை முன்வைத்து விவாதிக்கும் மரபை ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுபோனது.

அப்படியானால் ஒரு வாசகரின் கருத்து, விமர்சகரின் ஆய்விலிருந்து எங்கே வேறுபடுகிறது? விமர்சகர் நூலை இலக்கிய வரலாற்றில் வைத்துப் பார்க்கிறார். வாசகர் அதைத் தன் வாழ்க்கையோடு உரசிப் பார்க்கிறார். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கடற்கரையில் நிகழும் கதை. அதன் அமைப்பைப் பற்றி ஒரு விரிவுரையாளர் நன்றாகப் பேசலாம். ஆனால் அந்தக் கரையில் வலை இழுத்த ஒருவர், வாடியும் காற்றும் கடலும் கதையில் சரியாக வந்திருக்கின்றனவா என்று சொன்னால், அதை வேறு எவராலும் சொல்ல முடியாது.

போரைப் பற்றிய நூல்களில் இது இன்னும் முக்கியமாகிறது. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' போன்ற நாவல்கள் வன்னியின் இறுதிக் காலத்தைச் சொல்கின்றன. அந்தப் பாதையில் நடந்த ஆயிரக்கணக்கானோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். "இது இப்படித்தான் நடந்தது", "இந்த இடத்தில் எழுதியவர் ஒன்றை விட்டுவிட்டார்", "இதை வாசிக்க என்னால் முடியவில்லை" என்று அவர்கள் சொல்லும் ஒரு வரியும் சாட்சியம்தான். ஆவணங்கள் குறைவாக உள்ள ஒரு சமூகத்தில் அந்த வரி பதிவாகாமல் போவது சிறிய இழப்பல்ல. 1981இல் யாழ். பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. நூல்களை மீட்க 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் உள்ளன. ஆனால் எரிந்த நூல்களைப் பற்றி வாசகர்கள் பேசிய பேச்சை எங்கிருந்தும் வருட முடியாது. எழுதி வைத்தது மட்டுமே எஞ்சும்.

"எனக்கு விமர்சனம் எழுதத் தெரியாது" என்று பலர் தயங்குகிறார்கள். கோட்பாடு எதுவும் தேவையில்லை. நான்கு கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதினால் போதும். புத்தகம் எதைப் பற்றியது? எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி வாசித்தீர்கள்? எங்கே சலித்தது, அல்லது நம்பமுடியவில்லை? யாருக்கு இதைக் கொடுப்பீர்கள்? மூன்றாவது கேள்வியைத் தவிர்க்க வேண்டாம். குறையே சொல்லாத கருத்தை எவரும் நம்புவதில்லை. அதேவேளை குறை நூலைப் பற்றியதாக இருக்கட்டும். எழுதியவரின் ஊரையோ, சாதியையோ, அரசியலையோ இழுத்துப் பேசுவது கருத்தல்ல, வசை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, எங்கே கிடைக்கும் என்பவற்றையும் சேர்த்துவிடுங்கள். சிறிய பதிப்புகளைத் தேடுவோருக்கு அதுவே பெரிய உதவி.

வருடந்தோறும் ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. பாடசாலைகளில் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடக்கும். "வாசிப்பின் பயன்" பற்றிப் பிள்ளைகள் அழகாக எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, "நீ கடைசியாக வாசித்த புத்தகத்தில் எது பிடிக்கவில்லை, ஏன்?" என்று கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்விக்கு வாசிக்காத பிள்ளையால் பதில் எழுத முடியாது. வாசித்த பிள்ளைக்கோ, தன் கருத்துக்கும் மதிப்புண்டு என்பது அன்றைக்கே விளங்கும்.

அடுத்த முறை விழாவில் வாங்கி வரும் பிரதியை அலுமாரியில் வைக்குமுன் வாசியுங்கள். பத்து வரி எழுதுங்கள். எழுதியவருக்கே அனுப்பினாலும் நல்லது. மேடையில் கேட்ட பாராட்டை விட, முகம் தெரியாத ஒருவரின் அந்தப் பத்து வரிகளைத்தான் அவர் நீண்ட நாள் வைத்திருப்பார்.