நமக்கு எது பெரிது?

‘வாழ்க்கையில் நீ எதைப் பெரிதாக மதிக்கிறாய்?’ என்று ஒருவர் உங்களை வினவினால், உண்மை, அன்பு, கல்வி, நாட்டுப்பற்று என்று விடைகள் தடையின்றி வந்துவிடும். இவை யாவும் நல்ல சொற்களே. ஆனால், நல்லவை என்று நாம் ஒப்புக்கொள்பவை வேறு. நம்மை உண்மையில் நடத்திச் செல்பவை வேறு. பின்னவற்றையே ஒருவருடைய அடிப்படை விழுமியங்கள் என்கிறோம். அவற்றைக் கண்டறிவது எவ்வாறு?

சாரல் காலத்தில் குற்றாலத்திற்குச் செல்பவர் பேரருவியின் வெள்ளத்தையே காண்பர். நீர் குறைந்த நாட்களில் சென்றால், பாறையில் முன்னோர் செதுக்கிய சிவலிங்க வடிவங்கள் புலனாகும். மனித உள்ளமும் அத்தகையதே. ஒன்றை இழக்கவோ விட்டுக்கொடுக்கவோ நேரும்போதுதான் அதன் அடியில் இருப்பது வெளிப்படுகிறது. இதற்கு அந்த வட்டாரத்திலிருந்தே இரண்டு சான்றுகள் கூறலாம்.

‘ரசிகமணி’ என்று போற்றப்பெற்ற டி. கே. சிதம்பரநாத முதலியார் தென்காசிக்காரர், சட்டம் பயின்றவர். சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகவும், இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராகவும் இருந்தார். எனினும், அவர் மனம் தோய்ந்தது தமிழ்க் கவிதையில்தான். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் அன்பர்கள் கூடிக் கவிதையை அனுபவித்த அவை ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து, 1954-இல் அங்கேயே மறைந்தார். கம்பராமாயணத்தில் கம்பர் வாக்கு அல்ல என்று தாம் கருதிய பாடல்களை அவர் விலக்கிப் பதிப்பித்தார். புலவர் பலர் கடுமையாக எதிர்த்தனர். அவர் முடிவு சரியா, தவறா என்பது வேறு ஆராய்ச்சி. புலவர்களின் நன்மதிப்பா, தம் இதயம் கூறிய தீர்ப்பா என்ற நிலை வந்தபோது, அவர் இரண்டாவதையே பற்றி நின்றார். அவருக்கு எது பெரிது என்பதை அந்தத் தேர்வே காட்டிவிடுகிறது அன்றோ?

மற்றொருவர், தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்த அவர், 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். அதிகாரியாகும் குறிக்கோள் அன்றே மறைந்தது. பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற நாட்டமோ மறையவில்லை. ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளுக்கென அறிவித்த 1981-ஆம் ஆண்டில், தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையும் ஊக்கமும் அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. குறிக்கோள் என்பது அடைய வேண்டிய ஊர். விழுமியம் என்பது நடக்கும் திசை. ஊருக்குச் செல்லும் வழி அடைபட்டாலும் திசை மாறுவதில்லை.

இனி, உங்கள் செய்திக்கு வருவோம். ஒரு குறிப்பேட்டில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுங்கள். யாரும் ஏவாதபோது என் பொழுது எதில் செல்கிறது? இரண்டு நன்மைகள் மோதியபோது எதற்காக எதை விட்டேன்? பரிசும் பாராட்டும் இல்லையென்றாலும் எதைத் தொடர்ந்து செய்வேன்? விடைகளைச் சொற்களால் அல்லாமல், நடந்த நிகழ்ச்சிகளால் எழுதுங்கள்.

விடை இனிப்பாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ‘உண்மையே பெரிது’ என்று சொல்லி வந்தவர், நண்பர்களின் நகைப்புக்கு அஞ்சிப் பலமுறை பொய்யுரைத்ததைக் காணலாம். அதற்காகச் சோர்வுற வேண்டியதில்லை. இருப்பது இன்னதென்று தெரிந்தவரே அதை மாற்றவும் வல்லவர்.

கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தத் தொழிலில் இறங்குவது என்று முடிவு செய்யும் பருவம் உங்களுடையது. பெற்றோர் ஒன்று கூறுவர். தோழர் மற்றொன்று கூறுவர். அனைவர் கூற்றையும் பணிவோடு கேளுங்கள். ஆனால், நிறுத்துப் பார்க்கும் தராசு உங்கள் கையில் இருக்கட்டும்.