70 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ‘டாக்டர் நாய்’ வருமா?

காரவள்ளி அடிவாரத்தில் பஸ் ஏறினால் செம்மேடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். டூரிஸ்ட்டுகளுக்கு அது ரீல்ஸ் எடுக்கும் இடம். கொல்லிமலையில் நாலு வயசாகியும் பேச்சு வராத பிள்ளையை வைத்திருக்கும் அம்மாவுக்கு அது வேறு மாதிரி தெரியும். பேச்சுப் பயிற்சி என்பது ஒரு ஊசி போட்டுவிட்டுத் திரும்பி வருகிற விஷயம் இல்லை. வாராவாரம், மாதக்கணக்கில் போக வேண்டும். ஒரு தடவை மலை இறங்கி ஏறினாலே அன்றைய கூலி போச்சு. நாலாவது வாரம் ‘வளர வளர சரியாப் போயிடும்’ என்று யாராவது சொன்னால், அதை நம்பத்தான் மனசு வரும்.

அதே மலையில் வாசலில் நாய் படுத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அதுதான் காவல். யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை, சில நேரம் அந்த நாயிடம் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பெரியவர்கள் அதை விளையாட்டு என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த முணுமுணுப்பில் விஷயம் இருக்கிறது என்று அமெரிக்காவில் ஒரு டாக்டர் அறுபது வருஷத்துக்கு முன்பே சொன்னார்.

அவர் பெயர் போரிஸ் லெவின்சன். நியூயார்க்கில் குழந்தைகள் மனநல நிபுணர். யாருடனும் ஒட்டாமல் ஒதுங்கியே இருந்த ஒரு சிறுவனை, அவனுடைய பெற்றோர் சொன்ன நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். அறையில் லெவின்சனின் வளர்ப்பு நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. பையன் நேராக நாயிடம் போனான். பிறகு நாய் மூலமாகவே டாக்டரிடமும் பழக ஆரம்பித்தான். 1961-ல் இதை உளவியலாளர்கள் கூட்டத்தில் லெவின்சன் விவரித்தபோது, ‘ஃபீஸில் நாய்க்கு எவ்வளவு பங்கு?’ என்று கிண்டல் செய்தவர்களும் உண்டாம். இன்று இந்தத் துறைக்கு அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

சென்னைக்கு வந்த கதை

ஆசியாவில் இதற்குப் பேர் வாங்கித் தந்தது ‘டாக்டர் டாக்’ திட்டம். 1991-ல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்பவர் தன் கோல்டன் ரெட்ரீவர் நாய் மேக்ஸை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனதில் தொடங்கியது. அந்தத் திட்டத்தைச் சென்னைக்குக் கொண்டு வந்தது ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா. சி.பி.ராமசாமி ஐயர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திராவில் படிக்கும், கற்றல் சிரமமும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளிடம் இந்த நாய்கள் அழைத்து வரப்பட்டன. ஆக, இது ஏதோ வெளிநாட்டு ஃபேஷன் இல்லை. நம்ம ஊரிலேயே நடந்திருக்கிறது. ஆனால் சென்னையில்.

சரி, நாய் அப்படி என்னதான் செய்கிறது?

முதல் விஷயம், அது திருத்தாது. திக்கித் திக்கி வாசிக்கும் குழந்தைக்கு வகுப்பில் மிகப்பெரிய பயம் எழுத்து இல்லை, பக்கத்து பெஞ்சின் சிரிப்புதான். நாய் சிரிக்காது, ‘மறுபடி படி’ என்று சொல்லாது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல் தொடங்கிய ஒரு திட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. குழந்தைகள் நூலகத்தில் உட்கார்ந்து நாய்க்குக் கதை வாசித்துக் காட்டுவார்கள். அதற்கும் முன்பு, 1983-ல் வந்த ஓர் ஆய்வு, பக்கத்தில் நாய் இருக்கும்போது குழந்தைகளின் ரத்த அழுத்தம் குறைவாக இருப்பதைக் காட்டியது. சும்மா உட்கார்ந்திருந்தபோதும் சரி, சத்தமாக வாசித்தபோதும் சரி.

இரண்டாவது, பேச்சுக்கு உடனே பலன் கிடைக்கிறது. ‘வா’ என்றால் நாய் வருகிறது. ‘உட்கார்’ என்றால் உட்காருகிறது. பேச்சு தாமதமான குழந்தைக்கு, தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் உலகத்தில் ஏதோ ஒன்றை நகர்த்துகிறது என்பதே பெரிய கண்டுபிடிப்பு. அட்டையில் இருக்கும் ஆப்பிள் படத்தைக் காட்டி ஐம்பது தடவை கேட்டும் வராத சொல், வாலாட்டும் ஒன்றைக் கூப்பிடுவதற்காக வரலாம். கை விரல்களுக்கும் அப்படித்தான். ‘பட்டனைப் போடு’ என்றால் அழுகிற பிள்ளை, நாயின் கழுத்துப்பட்டை பக்கிளைப் போட பத்து நிமிஷம் முயற்சி செய்யும். ரோமத்தைச் சீவுவது, பந்தை எறிவது எல்லாமே பயிற்சிதான். பிள்ளைக்குத்தான் அது பயிற்சி என்று தெரியாது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. 8 முதல் 10 வயதுக் குழந்தைகள் வாரம் இரண்டு முறை, 20 நிமிடம், நாலு வாரத்துக்கு நாயுடன் பழகினார்கள். எச்சில் மாதிரி எடுத்து, மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலை அளந்தார்கள். வழக்கமான பள்ளிக் குழந்தைகளில், நாயுடன் பழகாதவர்களுக்குப் பள்ளிப் பருவம் முடிவதற்குள் அது ஏறியிருந்தது. நாயுடன் பழகியவர்களுக்கு அப்படி ஏறவில்லை. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளிடமும் நாயுடன் இருந்த நேரத்துக்குப் பிறகு கார்டிசால் குறைந்தது.

இங்கே ஒரு பிரேக் போட வேண்டும். ஆட்டிசத்தை நாய் ‘குணப்படுத்தும்’ என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம். இந்தத் துறையின் ஆய்வுகளில் பல சின்ன அளவில் நடந்தவை. நாய் ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு மாற்று இல்லை. தெரபிஸ்ட் செய்கிற வேலையைக் குழந்தை விரும்பிச் செய்ய வைக்கும் கூட்டாளி, அவ்வளவுதான். நாயைக் கண்டாலே நடுங்கும் குழந்தையையும், ரோம அலர்ஜி உள்ள குழந்தையையும் கட்டாயப்படுத்துவதில் அர்த்தமே இல்லை.

வீட்டு நாய் வேறு, தெரபி நாய் வேறு

கொல்லிமலை மாதிரி இடத்தில் இந்த வித்தியாசம் உயிர் விஷயம். தெரபி நாய்க்கு தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் தேதி தவறாமல் நடந்திருக்கும். பல அமைப்புகள் ஒரு வயது நிரம்பாத நாயைச் சேர்ப்பதே இல்லை. திடீரென்று தட்டு விழுந்தால், யாராவது வாலை இழுத்தால், சக்கர நாற்காலி வந்தால் என்ன செய்கிறது என்று சோதித்துப் பார்ப்பார்கள். இனம் முக்கியமில்லை, குணம்தான் முக்கியம். நாயுடன் எப்போதும் அதன் கையாளுநர் இருப்பார். நாய் தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ ‘எனக்குப் போதும்’ என்று அர்த்தம். அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

வாசலில் கிடக்கும் காவல் நாய்க்கு இதில் எதுவும் இல்லை. வெறிநாய் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய் சின்னதாகப் பிராண்டினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அறிகுறி வந்த பிறகு ரேபிஸுக்கு மருந்து இல்லை. அதனால் மலைக்கு முதலில் வர வேண்டியது தெரபி நாய் இல்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்களுக்கான தடுப்பூசி முகாம்தான்.

அதற்குப் பிறகு? குழந்தை மலை இறங்குவதை விட, நிபுணர் மலை ஏறுவதுதான் நடக்கிற காரியம் என்று எனக்குப் படுகிறது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து, பிறந்தது முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பு பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருகிற நாளில், சோதித்துத் தேர்ந்தெடுத்த ஒரு நாயும் அதன் கையாளுநரும் அதே ஜீப்பில் வந்தால் போதும். தனிக் கட்டடம் எதுவும் வேண்டாம். வாரம் 20 நிமிடம், ஒரு வகுப்பறை, ஒரு பாய்.

நாய்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள், பொம்மைகள் இருந்தபோது காட்டியதை விட கினி பன்றிகள் பக்கத்தில் இருந்தபோது மற்றவர்களுடன் அதிகம் பேசிப் பழகினார்கள் என்று 2013-ல் வந்த ஆஸ்திரேலிய வகுப்பறை ஆய்வு ஒன்று சொல்கிறது. கினி பன்றிக்கு மலையில் எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஆட்டுக்குட்டிக்கு அங்கே பஞ்சம் இல்லை. அதற்குத் தழை கொடுப்பது, பெயர் வைத்துக் கூப்பிடுவது, தண்ணீர் காட்டுவது என்று தினமும் ஒரே நேரத்தில் பிள்ளையிடம் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். முடிந்ததும் கை கழுவ வேண்டும். அன்றைக்குப் பிள்ளை புதிதாகச் சொன்ன சொல்லை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவக் குழுவோ சிறப்பு பயிற்றுநரோ வரும்போது, முதலில் அவர்கள் கையில் அந்த நோட்டைக் கொடுங்கள்.